பொத்தானின் ஓனர்

கோடை விடுமுறையில் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: "இந்த ஃபீச்சருக்கு நீதான்பா ஓனர்." ஓனர்தான், ஆனால் கோட் எழுதுகிறவர், டிசைன் போடுகிறவர், ஒருவரும் அவனுக்குக் கீழே இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, எல்லாரிடமும் "ஆச்சா, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டு அலையலாம். கரண்டியைத் தொட முடியாது.

வேலையின் வம்சாவளி என்னவோ பெரியது. 1931இல் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் கேமே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்கெல்ராய், ஒவ்வொரு பிராண்டையும் கவனிக்கத் தனி ஆள் வேண்டும் என்று மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். 1957இல் அவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரே ஆகிவிட்டார்.

நம் பிள்ளைக்கு வாய்த்தது 'சேமி' பொத்தான். அதைத் திரையில் வலது பக்கம் வைப்பதா, கீழே வைப்பதா? அதற்கொரு நீண்ட ஆவணம், ஆவணத்தைப் பற்றி மீட்டிங், அந்த மீட்டிங்குக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டிங். பிறகு பாதிப் பேருக்கு வலது, பாதிப் பேருக்குக் கீழே என்று ஏ/பி டெஸ்ட். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடைசி வாரம் துணைத் தலைவர் எட்டிப் பார்த்தார். டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இடது பக்கம் வெச்சுப் பாருங்களேன்" என்றார். வைத்தார்கள்.

'தரவுகளின் அடிப்படையில் பயனர் அனுபவத்தை மறுவடிவமைத்தேன்' என்று ரெஸ்யூமேயில் ஏறிவிட்டது. மூன்று முறை பொத்தானை நகர்த்திய இன்ஜினியர், அடுத்த கோடைக்கு வரப்போகும் ஓனர் யாரென்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.