காய்ச்சல் பார்ப்பவர்

போடிநாயக்கனூரில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். முப்பது நாற்பது வருஷம் மலைமேல் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்திவிட்டு, முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கீழே இறங்கி, மகன் வாங்கி மாட்டிய ஏசிக்கு அடியில் சேர் போட்டு உட்கார்ந்திருப்பவர். உலகத்துப் பொருள் அத்தனையையும் அவர் இரண்டாகத்தான் பிரிப்பார்: காய்ச்சல் உள்ளது, காய்ச்சல் இல்லாதது. வெளியூர்க்காரர்கள் பயப்பட வேண்டாம். ஏலக்காய் வியாபாரத்தில் காய்ச்சல் என்றால் காய்ந்த பக்குவம். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று பேச வேண்டும். பேசாத காய் மூட்டைக்குள் பூசணம் பிடித்து, ஏலத்தில் மானத்தை வாங்கிவிடும்.

எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் என் பெரியப்பா.

அவர் ஏசி போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. சித்திரையில் ராத்திரி பத்தரைக்குப் போட்டுப் பன்னிரண்டுக்கு அணைப்பார். ரெண்டு மாசக் கணக்கில் ஐநூறு யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படி யூனிட்டுக்கும் ரேட்டு மாறிவிடும் என்பது அவருக்கு மனப்பாடம். வெக்கை தாங்கவில்லை என்றால் மஞ்சப்பையில் ரெண்டு வேட்டியைத் திணித்துக்கொண்டு போடிமெட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். "கொண்டை ஊசி வளைவு நாலைத் தாண்டுனா கூதக்காத்து சும்மா கெடக்குது. அதுக்குப் போயி கரண்டு பில்லு கட்டுவானா ஒருத்தன்?" இத்தனை வருஷத்தில் அந்த ஏசி ஓடிய நேரத்தைவிட, அதை மூடிவைக்க அவர் பட்ட பாடு அதிகம் என்று பெரியம்மா சொல்வது மிகையே இல்லை.

மூடுவிழா கார்த்திகையில். அடைமழை ஓய்ந்து, மேகம் மலையை விட்டு இறங்கி குரங்கணிப் பக்கம் உட்கார ஆரம்பித்ததும் பெரியப்பா தலையில் குல்லா ஏறும். குல்லா ஏறிவிட்டால் ஏசி இறங்க வேண்டும்.

முதலில் ஃபில்டர். கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஏழு எம்எம் சல்லடையைப் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பச்சைத் தண்ணீரில் அலசி, வெயிலில் வைக்காமல் நடையில் நிழலாகச் சாத்திவைப்பார். வெயில் பட்டால் பச்சை நிறம் போய்விடும் என்பது ஸ்டோர் சட்டம். ஃபில்டர் என்னவோ வெள்ளைதான். ஆனாலும் வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்துவிடும் என்று கம்பெனிப் புத்தகமும் நிழலைத்தான் சொல்கிறது. பெரியப்பா தப்பான காரணத்தோடு சரியான காரியம் செய்வதில் மன்னர்.

அடுத்து உலர்த்தல். ஏசியை மாசக்கணக்கில் நிறுத்துமுன் குளிர்ச்சியை விட்டுவிட்டு வெறும் ஃபேனில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுவது நல்லது. உள்ளே காயிலில் நிற்கும் ஈரம் காய்ந்துவிடும். பூசணமும் புளிச்ச வாடையும் வராது. இதை மெக்கானிக் சொன்னபோது பெரியப்பா சிரித்துவிட்டார். "ஒரு மணி நேரமா? ஒரு தட்டு பச்சைக்காய் காயவே ஒருநாள் பொழுது வேணும்ப்பா." அன்று காலை போட்ட ஃபேன் மறுநாள் காலைதான் நின்றது. கார்த்திகைக் கூதலில் ஏசிக் காற்று நேரே பாய, பெரியம்மா ரெண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, இவர் மட்டும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிய பழக்கத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து டார்ச் அடித்து, ஏசி வாய்க்குள் விரலை விட்டுக் காய்ச்சல் பார்த்தார்.

சும்மா இருக்க முடியாமல் நான் ஒரு விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன். 1902-ல் அமெரிக்காவில், புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் முதல் ஏசியை வடிவமைத்தது மனிதர்களைக் குளிரவைக்க அல்ல. காற்றின் ஈரத்தில் காகிதம் உப்பிச் சுருங்கி, வண்ணம் இடம்மாறி விழுந்ததாம், அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் என்றேன். பெரியப்பா குல்லாவைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப இதுவும் ஸ்டோருதான்னு சொல்லு!" அன்றிலிருந்து அவரைப் பிடிக்க ஆளில்லை.

ரிமோட் பேட்டரிகள் வெளியே வந்து தினத்தந்தித் துண்டில் மடிக்கப்பட்டு, பீரோவில் பெரியம்மா வளையல் டப்பாவுக்குப் பக்கத்தில் போகும். எம்சிபி அணைக்கப்பட்டு, பேரப்பிள்ளைகள் தொடாதிருக்க அதன்மேல் ஒரு பிளாஸ்திரி. இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வில்லங்கம் மொட்டை மாடியில். அவுட்டோர் யூனிட்.

சிகாகோ பக்கம் இருக்கும் அண்ணன் வீடியோவில் வந்து விளக்கிச் சொன்னான்: "இங்க கூரையிலருந்து ஐஸு விழும், அதுக்காக மேல மட்டும் ஒரு பலகை வைப்போம்ப்பா. சுத்தி மூடக் கூடாது. ஈரம் உள்ளயே நின்னு துருப்பிடிக்கும், எலி வந்து குடியிருக்கும். நம்ம ஊருக்கு இதுவுமே தேவையில்ல. மழையில நிக்கத்தானே அதைச் செஞ்சிருக்கான்." இவ்வளவு பேச்சில் பெரியப்பா காதில் விழுந்தது ஒரே சொல்: மூடு.

பரணிலிருந்து ஸ்டோர் காலத்து ஏல மூட்டைகள் இறங்கின. வெளியே சணல், உள்ளே கறுப்புப் பாலிதீன். வெளிச்சமும் ஈரமும் அண்டாமல் காயின் பச்சையைக் காப்பாற்றும் கட்டு அது. தையலைப் பிரித்து, அவுட்டோருக்கு அளவெடுத்து, கோணி ஊசியால் சுற்றித் தைத்தார். பழைய ஏல மூட்டை ஒருநாளும் முழுசாகக் காலியாகாது. தையல் மடிப்பில் நாலைந்து காய் ஒளிந்திருக்கும். மாடி முழுக்க மணந்தது. தைத்து முடித்ததும் எடை போடப் போகிறவர்போல் மூட்டையை ஒரு தட்டு தட்டினார். 'நாலு மாசம் இப்படியே கிடந்தால் என்ன ஆகும்' என்று கேட்டேன். 2010 கடைசியில் நிறுத்திய போடி ரயில் 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. அதை நினைவுபடுத்தி, "பன்னெண்டு வருஷத்துக்கு மேல ரயிலையே மூடி வச்சு எடுத்த ஊருடா இது" என்றார்.

மார்கழியும் தையும் போயின. காலையில் காபியோடு, போடியிலும் புத்தடியிலும் நடந்த ஏலத்தின் விலையைப் பார்ப்பார். பிறகு மாடியேறி மூட்டையைப் பார்ப்பார்.

பங்குனியில் பிரிப்பு விழா. எம்சிபி போட்டு, பேட்டரி போட்டு, பொத்தானை அமுக்கினால் உள்ளே காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. "நாலு மாசத்துல கேஸு ஆவியாப் போயிருச்சோ?" என்றார். வந்த மெக்கானிக் பையன், "கேஸு பெட்ரோல் மாதிரி தீராதுங்கய்யா, ஓட்டை இருந்தாத்தான் போகும்" என்றபடி மாடிக்குப் போய் மூட்டையைப் பார்த்தான். ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு பிளேடால் தையலை அறுத்தான்.

உள்ளே தகட்டோரம் பொரிப்பொரியாகத் துரு. மூலையில் சணல் நாரால் மெத்தையாக ஒரு கூடு. அதிலிருந்து ஒரு எலி எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் தோரணையில் நிதானமாக இறங்கிப் போனது. கம்ப்ரஸருக்குப் போகும் வயரில் மூன்று, தோல் உரித்த முருங்கைக்காய்போல் பல்லிளித்தன. "மூடாம விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்கய்யா" என்றான் பையன். பில்லுத் தொகையை வீட்டில் எங்களுக்குள் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெரியப்பா அவன் பேச்சைக் கேட்டதாகவே தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். எலிக்கூட்டுக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு காயை எடுத்தார். நல்ல தடியான எட்டு எம்எம் காய், பச்சை மாறாமல் இருந்தது. துண்டில் துடைத்து, காதோரம் கொண்டுபோய், கண்ணை மூடி ஆட்டினார்.

"கேளு," என்று என் காதுக்கு நீட்டினார். "காய்ச்சல் அப்பிடியே இருக்கு."