கணக்கு காட்டாதவரின் மச்சினன்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, சுமார் கி.பி. 920. ஊர்ச்சபை வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்கு காட்டாதவன் பெயரைத் தேர்தல் குடவோலையில் எழுதக் கூடாதாம். அதோடு விட்டார்களா? மாமனார், மருமகன், தங்கை புருஷன், மச்சினன் என்று சொந்தபந்தத்துக்கே தடை!

இன்றைய அறக்கட்டளைக்கு வருமான வரிப் பதிவு, ஆடிட்டர் அறிக்கை. வெளிநாட்டு நன்கொடைக்கு அனுமதி பெற்றிருந்தால் டிசம்பர் 31-க்குள் எஃப்சி-4 படிவம். பைசா வராத வருஷத்துக்கும் ‘பூஜ்யம்’ என்று எழுதித் தர வேண்டும். தவறினால் அபராதம், மிஞ்சினால் பதிவு ரத்து. மச்சினனுக்கு ஒன்றும் ஆகாது. பராந்தகன் விதி திரும்பி வந்தால் பல டிரஸ்டுகளில் கூட்டம் நடத்தக் கோரம் தேறாது. ஆடிட்டர் மட்டும் மிஞ்சுவார், அவரும் மச்சினனாக இல்லாவிட்டால்.