டெலிகேட்டுகளுக்கு ஊர் காட்டுதல்

எண்பதுகளின் தொடக்கத்தில் மெட்ராஸில் மாநாடு என்றால், கட்டுரை வாசிப்பவரைவிட முக்கியமானவர் மெட்டடோர் வேன் ஓட்டுகிறவர். இளம் விரிவுரையாளனான என்னை வரவேற்புக் குழுவில் போட்டு, வேனோடு சைக்ளோஸ்டைல் செய்த ஒரு தாளையும் கொடுத்தார்கள். கபாலி கோயில், சாந்தோம், கோட்டை, எல்.ஐ.சி.யின் 14 மாடி, செத்த காலேஜ், உயிர்க் காலேஜ். (தாளில் மியூசியம், மிருகக்காட்சிசாலை என்று மரியாதையாகத்தான் போட்டிருந்தது.) மெரினா சிலைகளும் உண்டு. அவற்றில் பல 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி நிறுத்தியவை. பிறகு வந்த மாநாட்டுக்காரர்கள் எல்லோரும் அவற்றைப் பார்த்தே தீரவேண்டியதாயிற்று.

வந்தவர்கள் மனசில் வேறு தாள் இருந்தது. நாக்பூர்ப் பேராசிரியர் ஒருவர் பல்லவர் சிற்பம் பற்றி ஆழமாக விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஷூட்டிங் பார்க்க முடியுமா?" என்றார். வடபழனியில் வாகினி ஸ்டுடியோவுக்கு வெளியே நின்று, உள்ளே போகும் கார்களுக்குள் எட்டிப்பார்த்தோம். ஒரு கண்ணாடியில் யாரோ நடிகையின் பின்னந்தலை தெரிந்தது. நாக்பூருக்கு அது போதும்.

கோட்டைக்கென்று கிளம்பும் வேன் அநேகமாக பர்மா பஜாரில்தான் போய் நிற்கும். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-ல் வந்த கடைவரிசை; இறக்குமதிக்கு ஆயிரம் தடை இருந்த நாட்களில் அங்கே எல்லாம் கிடைத்தது. காலையில் சுதேசித் தொழில்நுட்பம் பற்றி உருகிப் பேசியவர், சாயங்காலம் ஜப்பான் டேப்ரிக்கார்டரைத் துண்டில் சுற்றி வேனில் ஏற்றினார். கட்டுரை அமர்வு பிடிக்காதவர்களை சஃபயர் வளாகத்தில் ப்ளூ டயமண்டில் இறக்கிவிடுவேன். தொடர்காட்சி, எப்போது நுழைந்தாலும் ஏ.சி. உண்டு. பாதிப் படத்தில் நுழைந்து, தூங்கி எழுந்து, முன்பாதியைப் பார்த்துவிட்டு வருவார்கள். மாநாட்டின் பயன் என்ன என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இந்த ஆண்டு ஒரு மாநாட்டுக்கு என்னை 'மூத்த ஆலோசகர்' என்று அழைத்தார்கள். சாப்பாடு இலவசம், ஆலோசனை தேவையில்லை என்று அதற்குப் பொருள். பழைய மகாபலிபுரம் சாலையில் நட்சத்திர ஓட்டல். டெலிகேட்டுகள் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, நேரே போவார்கள். ஊர் வேண்டுமே? அதையும் ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, நாயர் இல்லாத ஒரு டீக்கடை. டீ ஆற்றியவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். முக்கால் மணி நேரம் கரகம், பொய்க்கால் குதிரை, அப்புறம் டி.ஜே. நிகழ்ச்சிநிரலில் இதற்குப் பெயர் 'உண்மையான சென்னை'.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கரகம் தலையில் ஏறுவதற்குள் பாதிப் பேரைக் காணோம். புனேயிலிருந்து வந்த ஒரு பெண் லிஃப்ட் அருகே பிடித்துக்கொண்டார். "சார், பாரிஸ்ல அத்தோ எந்தக் கடையில நல்லா இருக்கும்?" பர்மாக்காரர்களின் நூடுல்ஸ், கூடவே வாழைத்தண்டு சூப். நாற்பது வருஷம் பர்மா பஜார் பக்கம் போனவன் நான். கடிகாரம் பார்த்தேனே தவிர அதைத் தின்று பார்க்கத் தோன்றவில்லை. போனில் அவரே கடையைக் கண்டுபிடித்து, ஆட்டோ பிடித்து, நாலு பேரைத் திரட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவர்களுக்கு ஷூட்டிங் ஆசை இல்லை. வாகினி இருந்த இடத்தில் இப்போது மால். யார் வேண்டுமானாலும் நுழையலாம், அதனாலேயே ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை. சஃபயர் போய்விட்டது. உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூரில் திறந்தது. அதன் பழைய இடத்துக்குப் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் அதே வருஷம் தீக்கிரையானது. மாறாதது பனகல் பார்க் புடவைக் கடைகள்தான். அன்றும் எந்தத் தாளிலும் அவை இல்லை, இன்றும் எந்த மாநாட்டுச் செயலியிலும் இல்லை. எல்லா டெலிகேட்டுகளும் போகிறார்கள்.

இந்த முறை வெளியே கூட்டிப்போக ஒரே ஒரு இடத்தைத்தான் வைத்திருந்தார்கள்: எழும்பூர் மியூசியம், வெண்கலச் சிலைகள், வெள்ளிக்கிழமை பிற்பகல். அடுத்து மாநாடு நடத்தப்போகிறவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: எழும்பூர் மியூசியத்துக்கு வாராந்தர விடுமுறை வெள்ளிக்கிழமை.