கப்பலேறிய இறகு

நமக்கு மீன்பிடி என்றால் மண்புழு, தூண்டில், வீட்டில் காத்திருக்கும் குழம்புச் சட்டி. அந்தக் காலத் தேயிலைத் தோட்டத்துத் துரைமாருக்கு அது கேவலம். கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, ஈ மாதிரி ஒன்றைக் கட்டுவார்கள். அதை நிஜ ஈ என்று நம்பி டிரவுட் மீன் மோசம் போக வேண்டும்.

மோசம் போக நம் மலைகளில் டிரவுட் ஏது? அதையும் கடல் கடந்து வரவழைத்தார்கள். 1860களில் நீலகிரிக்குக் கொண்டுவர மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே பட்ட பாடு பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பலித்தது. பிறகு ஆனைமுடிக்குக் கீழே இரவிகுளத்து ஓடைகளிலும் விட்டார்கள்.

கூத்து அதோடு முடியவில்லை. ஆனைமலையில் கூவுகிற சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகு சொட்டியதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். பிரிட்டனில் சால்மன் மீனுக்கு இறகு ஈ கட்டுவோருக்கு அது உயிர். ஆக, மீன் கடல் கடந்து இங்கே வந்தது. இறகு இங்கிருந்து அங்கே போனது.

இப்போது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தச் சேவலுக்குக் காவல் உண்டு. மீன் ஆசையிலும் தூண்டிலோடு ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைந்துவிடாதீங்க. ஈயை மீன் கவ்வுதோ இல்லையோ, உங்களை வனத்துறை கவ்விவிடும்.