ஊதிப் பார்க்கும் வைத்தியம்

1983-இல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. கடைக்காரர்களுக்கு அந்தப் பெயரே கசந்தது. அதனால் 1985-இல் அங்கே போன நின்டெண்டோ தன் கருவிக்கு வி.சி.ஆர். வேடம் கட்டியது: மூடியைத் திற, கார்ட்ரிட்ஜை உள்ளே தள்ளு, கீழே அமுக்கு. வேடம் பொருந்தியது. உள்ளே இருந்த 72 பின் கனெக்டருக்குத்தான் இடுப்பு ஒடிந்தது. அமுக்க அமுக்கப் பின்கள் வளைந்து பிடி தளர்ந்தன. தொடர்பு விட்டுப்போனால், கள்ளச்சரக்கைப் பிடிக்க வைத்திருந்த காவல் சிப், காசு கொடுத்து வாங்கிய அசலையே சந்தேகித்து நொடிக்கொரு தரம் கருவியை ரீசெட் செய்யும். சிவப்பு விளக்கு கண்ணடிக்கும்.

பிள்ளைகள் கார்ட்ரிட்ஜில் ‘ஃபூ’ என்று ஊதினார்கள். பலித்தது மூச்சல்ல, கழற்றி மாட்டியது. எச்சில் ஈரம் உலோகத்தை அரித்ததுதான் மிச்சம்.

இன்றைய வைத்தியர்கள் கனெக்டரைக் கழற்றி, முட்டை அவிப்பது போலக் கொதிநீரில் போடுகிறார்கள். புதிது வாங்கி மாட்டினாலோ, சில கனெக்டர்கள் கார்ட்ரிட்ஜைக் கவ்விக்கொண்டு விடுவதில்லை. பிடுங்க ஆள் வேண்டும். விவரமானவர்கள் நேரே காவல் சிப்பின் நான்காம் காலை வெட்டிவிடுகிறார்கள். 1993-இல் வந்த, மேலிருந்து செருகும் மாடலில் அந்தக் காவலரை நின்டெண்டோவே வேலையிலிருந்து நீக்கிவிட்டது.