ஆண்டவனுக்கும் ஜாகா வேலை

நல்ல விளையாட்டு ஒன்றைப் புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று எடுத்து, அதற்குள் ஜாகா வேலையைச் சொருகி வைத்த புண்ணியவான் யாரோ, அவருக்கு ரவாங்கில் எங்கள் தாமானிலேயே ஒரு வீடு கிடைக்கட்டும். எங்கள் புலன (வாட்ஸ்அப்) குழுவில் நானே சேர்த்துவிடுகிறேன்.

ஆக்ட்ரைசரைத்தான் சொல்கிறேன். 1990 டிசம்பரில் குவின்டெட் செய்து எனிக்ஸ் வெளியிட்ட சூப்பர் ஃபேமிகாம் கேசட். அதில் நாம்தான் கடவுள். பாதி நேரம் ஒரு சிலைக்குள் இறங்கி, கும்பாபிஷேகம்கூட இல்லாமல் உயிர்பெற்று, வாளெடுத்து அசுரர்களை வெட்டுவோம். மீதி நேரம் மேகத்து மேலே உட்கார்ந்துகொண்டு, கீழே ஒரு ஆணும் பெண்ணுமாகத் தொடங்கிய ஊர் தெருத்தெருவாக வளர்வதைப் பார்ப்போம். அமெரிக்காவுக்கு அனுப்பும்போது கடவுள் என்றால் வம்பு என்று 'மாஸ்டர்' ஆக்கிவிட்டார்கள். சாத்தான் 'டான்ஸ்ரா' ஆனான். நமக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. நம் சாமிகள் சினிமாவிலேயே பாடி ஆடி, சண்டையும் போட்டவர்கள்.

1993-இல் இரண்டாம் பாகம் வந்தது. அதில் ஊரையே தூக்கிவிட்டு வாளை மட்டும் கொடுத்தார்கள். எல்லாரும் முணுமுணுத்தோம். அந்த முணுமுணுப்பு யார் காதில் எப்படி விழுந்ததோ, 2021 செப்டம்பரில் 'ஆக்ட்ரைசர் ரெனசான்ஸ்' என்று ஒன்று வந்தது. இதில் ஊர் உண்டு. ஊரைத் தாக்க வரும் கூட்டமும் உண்டு. கோட்டை கட்டு, வேலி போடு, வீரனை இந்த முனையில் நிறுத்து, அந்த முனைக்கு ஓட்டு என்று பிடுங்கி எடுக்கிறார்கள். கம்யூட்டர் ரயிலில் உட்கார்ந்து குவாங் தாண்டும்போது ஒரு முற்றுகை ஆரம்பித்தால் கெப்போங் வரைக்கும் தலை நிமிர முடியவில்லை. நான் கடவுளாகத்தானே காசு கொடுத்தேன்? காவல்காரனாகவா?

பழைய ஆட்டம் உசத்தி என்பதற்கு ஒரே ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஊர்க்காரர்களின் கோரிக்கை விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

பழைய ஆட்டத்திலும் ஊர்க்காரர்கள் கோயிலில் நின்று கூப்பிடுவார்கள். சாமி, வழியில் பாறை, மின்னல் விடு. சாமி, நார்த்வாலில் ஒரே பனி, வெயில் காட்டு. கசாண்டோராவில் ஒரே மணல், மழை கொடு. மழை கொடுக்கச் சும்மா முடியாது. அதற்குப் புள்ளி வேண்டும்; புள்ளிக்கு நம் தேவதைக் குட்டி பறந்து பறந்து வெளவால் பேய்களை அம்பால் அடிக்க வேண்டும். வருண பகவானே கணக்கில் காசு போட்டால்தான் பொழிவார் என்கிற நிலைமை. காணிக்கையும் தருவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கோதுமை தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த ஊரில் சேர்க்க வேண்டும்.

நம் புராணத்தில் வரம் கேட்கிறவனிடம் ஒரு நேர்மை இருந்தது. ஒற்றைக் காலில் நின்றான். தன்னைச் சுற்றிப் புற்று வளரும்வரை அசையாமல் உட்கார்ந்தான். இராவணன் தலையையே அறுத்து வைத்தான். ஆட்டத்தில் வரும் இந்த ஃபில்மோர் ஊர்க்காரர்கள் ஒரு புதருக்குக் கூப்பிடுகிறார்கள். அதுவும் எப்படிப்பட்ட ஆட்கள்? பேய் வரும் குகை வாசல்வரை தாங்களே நடந்துபோய் அதை அடைத்துவிட்டு வருகிறவர்கள்! பேய்க்குப் பயமில்லை, புதரை வெட்டக் கை வரவில்லை. இந்த ரவாங்கில் 1894-இல் தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் ஈயச் சுரங்கத்துக்கு மின்னாக்கி கொண்டுவந்து வைத்தார்கள். நாட்டிலேயே முதல் மின்சாரம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அவர்கள் மின்னல் கேட்டு மனுப் போட்டுக்கொண்டு நிற்கவில்லை.

ஆனால் அந்த இனம் போய்விட்டது. இப்போது இருப்பது புலனக் குழு இனம். காலையில் ரோஜாப்பூ, சாமி படம், காலை வணக்கம். அதன் பிறகு கோரிக்கை. தெருவில் ஒரு கிளை விழுந்துவிட்டது. விரல் மொத்தக் கிளை. ஒருவர் அதை மேலிருந்து படமெடுக்கிறார். பக்கவாட்டில் படமெடுக்கிறார். அளவு தெரியட்டும் என்று பக்கத்தில் தன் செருப்பை வைத்து இன்னொரு படம். பிறகு சிவப்பு வட்டம் போடுகிறார், நாம் கிளையை விட்டுவிட்டுச் செருப்பைப் பார்த்துவிடுவோமோ என்று. 'யாராச்சும் பாருங்க லா' என்று எழுதுகிறார். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். ஒருவர் 'நன்றி' என்கிறார். எதற்கு நன்றி? கிளை அங்கேயேதான் கிடக்கிறது. மத்தியானம் இன்னொருவர் அதே கிளையைத் தன் வீட்டுப் பக்கமிருந்து எடுத்துப் போடுகிறார். சாயந்திரம் லோங்காங் அடைப்பு. அதற்குக் காரணம் அந்தக் கிளைதான் என்று ஒரு கட்சி, பசார் மாலாம் குப்பைதான் என்று மறு கட்சி. கோத்தோங் ரோயோங் வைக்கலாம் என்று ஒரு பெரியவர் சொன்னதும் குழுவே மௌன விரதம். மறுநாள் காலை ரோஜாப்பூ.

ஆக்ட்ரைசரில் பழம்தின்று கொட்டை போட்டவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். ஜனத்தொகை கூடினால்தான் சாமிக்கு வலு கூடும். அதனால் ஊர் கொஞ்சம் முன்னேறியதும் நிலநடுக்கம் வரவழைத்துப் பழைய குடிசைகளை நாமே இடித்துவிட வேண்டும். ஜனங்கள் கோபித்துக்கொள்ளாமல் அந்த இடத்திலேயே பெரிய வீடாகக் கட்டிக்கொள்வார்கள். இதை ஒரு மேம்பாட்டாளரும் விளையாடிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. பால்மரம் சீவியவர்களின் லயங்களை இடிக்கும் பாதி வரைக்கும்தான் படித்திருக்கிறார்கள். அந்த இடத்தில் எழும்பும் தாமானில் லயத்துப் பிள்ளைகளால் கதவு விலையைக்கூடக் கட்ட முடியாது. சரி, நகைச்சுவைக் கட்டுரை. விடுங்கள்.

சொல்ல வந்த காரணத்துக்கு வருகிறேன். புதிய ஆட்டத்தில் எனக்கு வயிறு எரிந்தது முற்றுகையால்கூட இல்லை. குகையை அடைக்கும் வேலை இருந்ததே, ஊர்க்காரர்கள் தாங்களாகத் துணிந்து செய்த ஒரே வேலை, அதையும் இப்போது சாமியே இறங்கிப் போய் வெட்டி முடிக்க வேண்டுமாம்! அவர்கள் என்ன செய்கிறார்கள்? பேசுகிறார்கள். பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யூசோ கொஷிரோ தன் பழைய இசையைத் திரும்பவும் புதுசாக அமைத்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவு அருமையாக. அதைக் கேட்க விடுகிறார்களா? பழைய ஆட்டத்தின் முடிவில் சாமி எல்லா ஊரையும் சுற்றி வருவார். சண்டை ஓய்ந்து ஜனங்கள் சுகமாக இருப்பார்கள். கோயில் காலி, கும்பிட ஒருவரும் இல்லை. அதைச் சோகமான முடிவு என்பார்கள். எங்கள் குழுவில் இருந்து பார்த்தவனுக்கு அதுதான் மோட்சம்.

இத்தனைக்கும் நடுவில்தான் போன வாரம் குடியிருப்பாளர் சங்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டைத் தட்டினார். இராத்திரி ரோந்துப் பட்டியலில் சனிக்கிழமைக்கு என் பெயர். ஏனப்பா என்றால், "உங்க வீட்டுலதான் அங்கிள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லைட் எரியுது. எப்படியும் முழிச்சிதான இருக்கீங்க?" கையில் ஒரு டார்ச் லைட், ஒரு விசில், ஒளிரும் மஞ்சள் சட்டை. கேட்டில் சம்பளத்துக்கு இருக்கும் ஜாகா, சாப்பாடு கொண்டுவரும் மோட்டார் சைக்கிளை எல்லாம் சலாம் போட்டு உள்ளே விட்டுவிட்டு, இத்தனை வருஷமாகக் குடியிருக்கும் என்னை மட்டும் நிறுத்தி வீட்டு நம்பர் கேட்பவர். இனி நாங்கள் இருவரும் சக ஊழியர்கள்.

எனக்கு ஜோடியாகப் போட்டிருப்பது எதிர்வீட்டு அண்ணன். லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"தம்பி, அந்த நேரம் வரைக்கும் முழிச்சிருந்து என்னதான் பண்ணுவ?"

"சாமியா இருப்பேன் அண்ணே." கேமைப் பற்றி விளக்கினேன். நிலநடுக்கம், மின்னல், மழை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப சனிக்கிழம பத்து மணிக்கு மேல ஒரு மழ போட்டுவிடேன். டூட்டி கேன்சல் ஆயிரும்."

புள்ளி வேண்டும் என்றேன். அதற்கும் குழுவில் போட்டு வசூல் பண்ணலாமா என்று கேட்கிறார்.