பட்டியில் விழுந்த குளிர்

ஓமந்தைப் பிள்ளைகள் பலர் இப்போது கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிறார்கள். மார்கழி வந்தால் முழங்கால் அளவு பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்புவார்கள். "அங்க குளிர் எப்பிடி மாமா?" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் பனி என்றால் புல்நுனியில் நிற்கிற நீர். விடியப்புறம் குளத்துக்கு மேலே கிடக்கிற வெள்ளைப் புகார். வெயில் ஏறக் கலைந்துவிடும். உறைபனி பார்க்க வேண்டுமென்றால் தை மாதத்தில் நுவரெலியாவுக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் எங்கள் பக்கத்தில் குளிர் மாடுகளைக் கொன்றதை நான் கண்ணால் பார்த்தேன். அதைத் தொலைபேசியில் சொல்லி அவர்களுக்கு விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

எழுபதுகளில் எங்கள் பட்டியில் அறுபது மாடுவரை நின்றன. காலபோகம் விதைத்தபிறகு வயலுக்குள் மாடு இறங்கக்கூடாது. ஐயா பட்டியைக் காட்டோரத்து மேட்டுநிலத்துக்கு மாற்றுவார். இடம் பார்ப்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. வாடை வரும் பக்கம் பாலையும் வீரையும் அடர்ந்து நிற்கவேண்டும், காற்று அதில் முட்டி உடையவேண்டும். நிலத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது. பொழுதுபட, காய்ந்த எருவும் பச்சை வேப்பங்குழையும் போட்டுப் புகை மூட்டுவோம். நுளம்புக்கு என்றுதான் பேர். ஆனால் கன்றுகள் அந்தக் கணப்பைச் சுற்றித்தான் படுத்துக்கிடக்கும்.

திருவெம்பாவை நாட்களில் விடிய நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு எழும்பி, அம்மா தந்த மல்லிக்கோப்பியைப் பனங்கட்டியோடு குடித்துவிட்டு, சணல் சாக்கை முக்காடாகப் போட்டுக்கொண்டு ஐயாவுக்குப் பின்னால் போவேன். அவர் கையில் அரிக்கன் லாந்தர். கன்றுத்தாச்சி மாடுகளின் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்ப்பார். சூடு இருந்தால் பேசாமல் அடுத்ததற்குப் போவார். குளிர்ந்திருந்தால் அந்த நேரமே தட்டி எழுப்பி நடத்துவார். "கிடக்க விடாத தம்பி. ஈரத்தில கிடந்தா பிறகு எழும்பாது." வானொலியில் வானிலை அறிக்கை கேட்டு அவர் எதையும் செய்ததில்லை. 1964 மார்கழிப் புயல் வவுனியாவைக் கடந்துபோன இரவில் பட்டிக் கடப்பைத் திறந்து மாடுகளைக் காட்டுக்குள் கலைத்துவிட்டதாகச் சொல்வார். மரங்களுக்குள் நின்றவை விடியத் தாமாகவே திரும்பி வந்தனவாம்.

பிறகு யுத்தம். 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றது. நாங்களும் ஊரில் நிற்கவில்லை. எங்கள் ஊரின் பெயரையே நாடு ஒரு சோதனைச்சாவடியின் பெயராகத்தான் அறிந்துகொண்டது. 2011இல் ரயில் மறுபடி ஓமந்தைக்கு வந்தது, 2015இல் சாவடியும் எடுபட்டது. எங்கள் பட்டி எங்கே சிதறிப்போனது என்று யாருக்கும் தெரியாது. அதற்குச் சுட்ட குறி மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

2022 மார்கழி 9, வெள்ளிக்கிழமை. வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல். அது கரை கடந்தது தமிழ்நாட்டில், மாமல்லபுரத்தருகே. எங்களுக்கு வந்தது அதன் காற்றும் விடாத தூறலும்தான். காற்று மாசுபட்டதென்று அன்று நாடெங்கும் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். எல்லார் கையிலும் தொலைபேசி, எல்லாத் தொலைபேசியிலும் புயலின் படம். அதை வைத்துப் பட்டியை மாற்ற வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அடுத்தநாள் விடியப் பக்கத்து வளவுப் பிள்ளை ஓடிவந்தாள். "மாமா, எல்லாம் விறைச்சுப்போய்க் கிடக்குது. வந்து பாருங்கோ." போய்ப் பார்த்தேன். வெட்டவெளியில் முள்ளுக்கம்பி அடித்த பட்டி. சேற்றுக்குள் ஐந்து மாடுகள் கால் நீட்டிக் கிடந்தன. ஒரு கன்றுத்தாச்சியின் அடிவயிற்றில் என்னையறியாமல் கை வைத்தேன். கல்லைப்போல் இருந்தது.

அந்த இரண்டு மூன்று நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்தன. நோயாக இருக்குமோ என்ற பயத்தில் இந்த மாகாணங்களிலிருந்து இறைச்சி கொண்டுபோவதைக்கூடக் கொஞ்சநாள் தடுத்தார்கள். கடைசியில் ஆய்வு சொன்னது குளிர் அதிர்ச்சி என்பதுதான். உறைநிலைக்குக் கிட்டவும் போகாத குளிர். மயிர் காய்ந்த, தீனி நிறைந்த மாடு பனிநாட்டுக் குளிரையே தாங்கும். மயிர் தோலோடு நனைந்து ஒட்டிவிட்டால் 15 பாகையிலேயே அதன் உடல் சூட்டைக் காக்கப் போராடத் தொடங்கும். அதன்மேல் காற்றும் அடித்தால், எலும்பும் தோலுமாக நிற்கிற பட்டிமாடு எதைக்கொண்டு போராடும்? வயிற்றில் இரை இருந்தால்தானே உள்ளே சூடு பிறக்கும்.

கிரேக்க நாட்டு மலைகளில் ஆடு மேய்ப்பவர்கள் ஐப்பசி முடிவதற்குள் மந்தையைச் சமவெளிக்கு இறக்கிவிடுவார்களாம், பனி விழுவதற்கு முன்னமே. ஐயா செய்ததும் அதேதான். இன்று எங்கள் மாடுகளுக்கு ஒதுங்கப் போக இடமில்லை. காட்டுக்குள் எல்லைக்கல், மேட்டுநிலத்தில் வீடும் தோட்டமும், மிச்சம் வயல். நல்ல காணி இல்லாத பட்டிக்காரர் வெளியில்தான் கம்பியடிக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்று வன்னிப் பண்ணையாளர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்கிறார்கள். அது கிடைக்கும்வரை மழை காத்திருக்காது.

பட்டி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னம் கன்றுகளுக்கும் கன்றுத்தாச்சிகளுக்குமாவது ஒரு கொட்டில் போடுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால் வாடைப் பக்கத்தைக் கிடுகால் அடையுங்கள். வைக்கோலில் கொஞ்சம் எடுத்து வையுங்கள். விடிய நாலு மணிக்கு ஒருக்கால் எழும்பிப்போய் அடிவயிற்றில் கை வைத்துப் பாருங்கள்.